புதுக்கோழி கூட்டத்தோடு சேரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கொல்லையில் ஆறேழு கோழிகள் தம்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கின்றன. சந்தையில் ஒரு செவலைப் பெட்டை கண்ணில் பட்டது. வாங்கி வந்து, கால்கட்டை அவிழ்த்து, கூட்டத்துக்கு நடுவில் விட்டாயிற்று. ஐந்து நிமிடத்தில் அது கூரைமேல் நிற்கிறது. இல்லாவிட்டால் விறகுக்கட்டின் இடுக்கில் தலையைச் செருகிக்கொண்டு முதுகில் கொத்து வாங்குகிறது. இந்த நிலைமையில் இதைப் படிக்க வந்திருந்தால், முதலில் போய்ப் புதுக்கோழியைப் பிடித்துப் பஞ்சாரத்தில் (மூங்கிலில் பின்னிய கவிழ்கூடை) கவிழ்த்து, உள்ளே தண்ணீர் வையுங்கள். அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தும், கடைசிக் கோழி எல்லாவற்றிடமும் கொத்து வாங்கும். சின்ன வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறித்துவந்த ஷெல்டெருப்-எப்பே என்ற நார்வேக்காரர் 1920களின் தொடக்கத்தில் இதை ஆராய்ச்சியாக எழுதினார். கோழி வளர்க்கும் வீடுகளில் இது எப்போதும் தெரிந்த விஷயம்தான். புதிதாக ஒன்று வந்ததும் வரிசை கலைந்துவிடும், மறுபடி அமையும்வரை கொத்து நடக்கும். கொத்தே இல்லாமல் எந்தக் கோழியும் ஒரு கூட்டத்தில் சேர்ந்ததில்லை.

அதனால் "கொத்துகிறதா" என்று பார்ப்பதைவிட, "தின்கிறதா" என்று பாருங்கள். நான் பார்த்தவரையில், கொத்துப்பட்டுச் செத்த புதுக்கோழிகளைவிட, தீனிப் பக்கமே வரப் பயந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒடுங்கிப் போனவைதான் அதிகம். கீழே எந்த அறிகுறியானாலும், புதுக்கோழியின் இரைப்பையைத் தொட்டுப் பார்ப்பதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

இரைப்பையைத் தொட்டுப் பார்ப்பது எப்படி

பொழுது சாய்ந்து கோழிகள் அடையப் போகும் நேரம்தான் சரி. கோழியை இடது கக்கத்தில் அணைத்துக்கொண்டு, வலது கை விரல்களைத் தொண்டையிலிருந்து கீழே கொண்டுவாருங்கள். கழுத்து நெஞ்சோடு சேரும் இடத்தில், கோழியின் வலப்பக்கமாகச் சற்று ஒதுங்கி, ஒரு பை தட்டுப்படும். நாள் முழுக்க மேய்ந்த கோழிக்கு அது புடைத்து நிற்கும். சிறுவிடை என்னும் சின்ன ரக நாட்டுக்கோழியில் பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்கும், பெருவிடை என்னும் பெரிய ரகத்தில் அதைவிடப் பெரிதாக இருக்கும். மெல்ல அழுத்தினால் சிறு மூட்டையில் கட்டிய தானியம் போல விரலுக்குள் நகரும். பட்டினி கிடந்த கோழிக்கு அங்கே ஒன்றும் இருக்காது, தோல்தான் தளர்ந்து மடியும்.

இன்னும் கொஞ்சம் கீழே நெஞ்செலும்பைத் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை இருந்தால் நல்லது. கத்தி முனை போல எலும்பு மட்டும் குத்தினால் அந்தக் கோழி பல நாளாகவே தின்னவில்லை, அல்லது வரும்போதே நோயோடு வந்திருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் தீனி வைப்பதற்கு முன் ஒரு தரம் பாருங்கள். இரவில் செரித்து, பை காலியாகியிருக்க வேண்டும். விடியற்காலையிலும் கல்லு மாதிரி கெட்டியாக இருந்தால் உள்ளே புல், நார், நெகிழித்துண்டு ஏதோ அடைத்திருக்கிறது. கூழ் மாதிரி தளதளவென்று இருந்து வாயில் புளித்த நாற்றமும் வந்தால் இரைப்பை கெட்டிருக்கிறது. இரண்டுமே மற்றக் கோழிகள் மேல் போட முடியாத குறை. கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போக வேண்டியதுதான்.

"விரட்டுகிறது, கொத்துகிறது, ஆனால் ரத்தம் இல்லை"

இரைப்பை நிறைந்திருந்தால், விட்டுவிடுங்கள். நீங்கள் குச்சியோடு போய் விலக்கிவிட்டால் வரிசை அமைவது இன்னும் ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இரண்டு கோழிகள் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு எதிரெதிரே நின்று, ஒன்றன்மேல் ஒன்று எகிறி, ஒன்று தலையைத் தாழ்த்தி ஒதுங்கினால் அந்தக் கணக்கு முடிந்தது. நீங்கள் விலக்கிவிட்ட சண்டைதான் மறுநாள் திரும்ப வரும்.

முதல் மூன்று நாள் கடுமையாக இருக்கும். ஒரு வாரத்தில் கொத்து, தீனி வைக்கும் நேரத்தோடு நின்றுவிடும். இரண்டு மூன்று வாரத்தில், மதிய வெயிலில் மண்ணைக் குடைந்து குளிக்கும் இடத்தில் புதுக்கோழியும் ஒரு ஓரமாகப் படுத்திருக்கும். அதைப் பார்த்தால் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

"மூலையிலேயே நிற்கிறது, தீனிக்கு வருவதில்லை"

இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. இதில்தான் கோழி சத்தமில்லாமல் சாகிறது. ரத்தம் வந்தால் கண்ணில் படும், பட்டினி கண்ணில் படாது.

முதலில் தீனியும் தண்ணீரும் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒரே தட்டு, ஒரே சட்டி என்றால் காரணம் கிடைத்துவிட்டது. முதல் கோழி அந்தத் தட்டருகே நின்றுகொண்டால் போதும், புதுக்கோழி நாள் முழுக்கப் பக்கத்தில் வராது. மூன்று இடத்தில் வையுங்கள். ஓர் இடத்தில் நின்று பார்த்தால் மற்றது தெரியாதபடி, கிணற்றடியில் ஒன்று, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒன்று, வாசல் பக்கம் ஒன்று என்று பிரித்து வைக்க வேண்டும். வரிசையாகப் பக்கத்துப் பக்கத்தில் மூன்று தட்டு வைத்துவிட்டுப் பலனில்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஒரே கோழி மூன்றையும் காவல் காக்கும்.

சட்டியை மூலையில் வைக்காதீர்கள். கோழி குனிந்து குடிக்கும்போது இரண்டு பக்கமும் ஓட வழி இருக்க வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர்தான் தீனிக்கும் முன்னால். கத்திரி வெயிலில் ஒரு பகல் தண்ணீர் இல்லாமல் போனாலே கோழி தளர்ந்துவிடும், முட்டையும் நிற்கும். சித்திரை, வைகாசியில் புதுக்கோழி சேர்ப்பதையே தள்ளிப்போடச் சொல்வேன்.

இரண்டாவது, இடம். கம்பி வலைக்குள் வளர்ப்பவர்கள், இரவு அடையும் கூட்டுக்குள் ஒரு கோழிக்கு நாலு சதுர அடி, வெளியே மேயும் வலைக்குள் பத்துச் சதுர அடி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தால் தோற்ற கோழிக்கு ஒதுங்க இடம் இல்லை. தலை தாழ்த்திய பிறகும் அது பார்வையிலேயே நிற்பதால் மறுபடி கொத்து விழும். வலைக்குள் இரண்டு ஓலைத் தட்டியைச் சாய்த்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பழைய கூடை, முறித்துப் போட்ட முருங்கைக் கிளை, கவிழ்த்த தொட்டி என்று பார்வையை மறைக்கும் எதுவும் உதவும்.

மூன்றாவது, அந்தக் கோழியின் மூக்கைப் பாருங்கள். பண்ணையிலிருந்து வந்த கோழி என்றால் குஞ்சிலேயே மூக்கு வெட்டியிருப்பார்கள். மேல் அலகு குட்டையாக, மொண்ணையாக இருக்கும். மண்ணில் இறைத்த தானியத்தை அதனால் எளிதில் பொறுக்க முடியாது. நம் நாட்டுக்கோழிகள் கொத்திக்கொண்டே போகும், இது பின்னாலேயே போய் ஒன்றும் கிடைக்காமல் நிற்கும். பயந்துபோய் நிற்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆழமான பாத்திரத்தில் நொய்யும் தவிடும் பிசைந்து தனியாக வைத்துப் பாருங்கள், சாப்பிடும்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் இரண்டு நாள் மாலையில் இரைப்பை காலி என்றால், கோழியைத் திரும்பப் பஞ்சாரத்துக்குள் போட்டுவிடுங்கள். கீழே சொல்லும் பஞ்சார முறையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

பஞ்சார முறை

எங்கள் பக்கம் பஞ்சாரம், வேறு சில ஊர்களில் குடாப்பு. மூங்கிலில் பின்னிக் கவிழ்த்து வைக்கும் பெரிய கூடை. இன்று விற்கும் எந்தக் கம்பிக் கூண்டைவிடவும் இந்த வேலைக்கு அது பொருத்தம். கண் வழியாகப் பழக வேண்டும், அலகு எட்டக்கூடாது. அதுதான் தேவை. பஞ்சாரத்தின் பின்னல் இடைவெளி அதற்கென்றே அமைந்தது போல இருக்கும். இடத்துக்கு இடம் தூக்கி வைக்கவும் முடியும்.

தனியே வைத்திருக்கும் காலம் முடிந்ததும் (அதைப் பற்றிக் கீழே நோய்ப் பகுதியில் சொல்கிறேன்) புதுக்கோழியைப் பஞ்சாரத்தில் போட்டு, பழைய கோழிகள் மேயும் இடத்துக்கு நடுவில் நிழலில் வையுங்கள். மேலே ஒரு கல். முதல் நாள் பழையவை வட்டமடிக்கும். முதல் கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்க்கும், பின்னல் வழியாக ஒரு கொத்து விடும், மூங்கிலில் பட்டு டொக்கென்று சத்தம் வரும். உள்ளே இருப்பது நடுவுக்கு நகர்ந்துகொள்ளும். இரண்டாம் நாள் இந்தச் சத்தம் பாதியாகும். நாலாம் ஐந்தாம் நாள் பஞ்சாரத்தின் வெளியே சிந்திய தானியத்தைப் பழையவை பொறுக்க, உள்ளே புதியது பொறுக்கும். நடுவில் மூங்கில் மட்டும்தான் இருக்கும். இந்தக் காட்சிக்காகத்தான் காத்திருக்க வேண்டும். பொதுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும்.

தினமும் பஞ்சாரத்தின் ஓரத்தில், உள்ளேயும் வெளியேயும், ஒரே நேரத்தில் தீனி போடுங்கள். அது முக்கியம். தின்னும் நேரத்தில்தான் பகை அதிகம், தின்னும் நேரத்தில்தான் பழகவும் வேண்டும்.

திறந்துவிடுவதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடைய ஒரு மணி நேரம் இருக்கும்போது, வயிறு பாதி நிறைந்த கோழிகளுக்குச் சண்டையில் அவ்வளவு நாட்டம் இருக்காது. நான் அன்றைக்குக் கரையான் சட்டி வைத்துவிடுவேன். பழைய மண்சட்டியில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் மண்ணில் முந்தின நாள் மாலையே கவிழ்த்து வைத்தால், மறுநாள் உள்ளே கரையான் மொய்த்திருக்கும். அதை நாலு இடத்தில் உதறிவிட்டுப் பஞ்சாரத்தைத் தூக்கினால், புதுக்கோழி வெளியே வந்ததைப் பழைய கோழிகள் கவனிக்கும்போது அதுவும் அவற்றுக்கு நடுவில் கரையான் தின்றுகொண்டிருக்கும்.

இருட்டினபின் தூக்கிப் போய் மற்றக் கோழிகளோடு கம்பில் உட்காரவைத்துவிட்டால் போதும், விடிந்ததும் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் அன்றிரவு சண்டை வராது. அது உண்மைதான். ஆனால் விடியும்போது பசியோடு, கதவு சாத்திய கூட்டுக்குள், ஓட வழியில்லாமல் ஒரு புதுமுகம் இருக்கும். பஞ்சாரத்தில் பார்த்துப் பழகின கோழிக்கு இரவு வைப்பது கைகொடுக்கும், பழகாத கோழிக்கு ஆபத்து. அப்படி வைத்தே ஆக வேண்டுமானால், வெளிச்சம் வருவதற்கு முன் நீங்கள் எழுந்து கூட்டைத் திறக்க வேண்டும்.

"ரத்தம் வந்துவிட்டது"

உடனே பிரியுங்கள். சிவப்பைக் கண்டால் எல்லாக் கோழியும் அதே இடத்தில்தான் கொத்தும். கடைசிக் கோழிகூட வந்து கொத்தும். கொண்டையில் சின்னக் கீறலாகத் தொடங்குவது மாலைக்குள் தலைத்தோல் கிழிவதில் முடியலாம்.

காயத்தை உப்புப் போட்டுக் கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவி, வேப்பெண்ணெயில் மஞ்சள் தூள் குழைத்துப் பூசுங்கள். வேப்பெண்ணெய் வாடைக்கு ஈ அண்டாது. மழைக்காலத்தில் இது முக்கியம், ஈ முட்டையிட்டால் இரண்டு நாளில் புழு வைத்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஊதா மருந்தும் நல்லது, சிவப்பை மறைக்கும். தலையில் மட்டும் அதை அளவாகப் பூசுங்கள். கோழிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது பெரும்பாலும் தலையையும் கொண்டையையும் பார்த்துத்தான். முகமே ஊதாவாக மாறினால் தன் கூட்டத்துக்கே அது வேற்றுக்கோழி ஆகிவிடும். ஆழமான காயம், கண்ணில் கொத்து என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

புண் காய்ந்து பொருக்கு உதிர்ந்தபின்தான் திரும்பச் சேர்க்க வேண்டும். அதுவரை பஞ்சாரம் பழைய கோழிகளின் பார்வையிலேயே இருக்கட்டும். வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று வாரம் கழித்து விட்டால், உங்கள் வீட்டில் பிறந்த கோழியைக்கூடப் புதிதாக வந்ததைப் போலத்தான் நடத்தும்.

"ஒரே ஒரு கோழிதான் விடாமல் துரத்துகிறது"

மற்றவை அடங்கிவிட்டன, ஒன்று மட்டும் தீனியை விட்டுவிட்டு வந்து துரத்துகிறது. இதில் பிரிக்க வேண்டியது புதுக்கோழியை இல்லை, துரத்தும் கோழியை. அதைப் பிடித்து, மற்றவற்றைப் பார்க்க முடியாத இடத்தில் மூன்று நாலு நாள் பஞ்சாரத்தில் போடுங்கள். தீனி, தண்ணீரில் குறை வைக்காதீர்கள், தண்டிப்பது நோக்கம் இல்லை. அந்த நாலு நாளில் புதுக்கோழி மற்றவற்றோடு ஓர் இடம் பிடித்துக்கொள்ளும். திரும்ப வரும்போது பழைய கோழிதான் கொஞ்சம் தயங்கும். பெரும்பாலும் இது கேட்கும். நடுவில் உள்ள கோழிகள்தான் இப்படிச் செய்வதை அதிகம் பார்த்திருக்கிறேன். முதல் கோழி தன் இடம் உறுதியானதும் ஓய்ந்துவிடும், புதியதற்குக் கீழே இறங்கிவிடுவோமோ என்று பயப்படும் கோழிதான் ஓயாது.

துரத்துவது குஞ்சு வைத்திருக்கும் கோழியாக இருந்தால் இந்த முறை வேண்டாம். குஞ்சுகளோடு இருக்கும் தாய், கண்ணில் பட்ட எதையும் துரத்தும். குஞ்சுகளைப் பிரித்துவிடும்வரை புதுக்கோழியை ஒதுக்கி வையுங்கள். அதேபோல் அடையில் உட்கார்ந்திருக்கும் கோழிக்குப் பக்கத்தில் புதுக்கோழியைக் கொண்டுபோக வேண்டாம்.

"பெரிய கோழிகள் சின்னதை மிதித்துவிடுகின்றன"

பெருவிடைக் கூட்டத்தில் சிறுவிடையையோ, வளர்ந்த கோழிகளோடு இரண்டு மாத இளங்கோழியையோ விட்டால் இது நடக்கும். உடம்பு ஒத்துப்போகாத இடத்தில் எந்த முறையும் முழுசாகப் பலிக்காது. இளங்கோழிகள் நாலு மாதம் ஆகி, பழையவற்றின் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வந்தபிறகு சேருங்கள். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது தாய்க்கோழிக்குப் பொருந்தும். அயல் கோழி கொத்தினால் குஞ்சு செத்துப்போகும்.

ஒற்றைக் கோழி வாங்குவதையும் தவிர்க்கப் பாருங்கள். ஒரே இடத்தில் வளர்ந்த இரண்டோ மூன்றோ வாங்கினால் கொத்து பங்காகிவிடும், விரட்டப்பட்டாலும் ஒன்றோடு ஒன்று ஒதுங்கிக்கொள்ளும்.

"இரவில் கூட்டுக்குள் போவதில்லை, முருங்கையில் ஏறிவிடுகிறது"

கூட்டுக்குள் அதற்கு உட்கார இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறி அடையும் கம்பில் ஒரு கோழிக்குக் குறைந்தது எட்டிலிருந்து பத்து அங்குலம் வேண்டும். உயரமான கம்பைப் பழையவை விட்டுக்கொடுக்காது. அதே உயரத்தில் எதிர்ப்பக்கம் இன்னொரு கம்பு கட்டுங்கள்.

இருட்டியபின் மரத்திலிருந்து எடுத்துக் கூட்டுக் கம்பில் வையுங்கள். ஒரு வாரம் சலிக்காமல் செய்தால் தானாகப் போகும். மரத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். காட்டுப்பூனையும் மரநாயும் இரவில் மரமேறும், ஐப்பசி மழையில் நனைந்த கோழிக்குச் சளியும் பிடிக்கும்.

"மதிலேறிப் பறந்துவிடுகிறது, பழைய வீட்டுக்கே ஓடுகிறது"

அடுத்த தெருவிலிருந்து வாங்கின கோழி திரும்பிப் போகத்தான் பார்க்கும். பஞ்சாரத்தில் பத்து நாள் இருந்து, உங்கள் கூட்டில் அடைந்து பழகினால் நின்றுவிடும். அதற்கும் அடங்காத கோழிக்கு ஒரு பக்க இறக்கையில் மட்டும் நீள இறகுகளைப் பாதியாக வெட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் வெட்டினால் சமநிலை கிடைத்து மறுபடி பறக்கும். அடித்தண்டு கருநீலமாக, ரத்தம் ஓடும் இளம் இறகாக இருந்தால் தொடாதீர்கள். காலில் கயிறு கட்டுவதை நான் செய்வதில்லை. துரத்தப்படும் கோழியைக் கட்டிப்போட்டால் ஓடவும் வழி இல்லாமல் ஆகிவிடும்.

"சேவல் விடாமல் மிதிக்கிறது"

புதுப்பெட்டையைச் சேவல் முதல் நாளே மிதிக்கும். இதில் ஒரு நன்மையும் உண்டு, சேவலோடு ஒட்டி நிற்கும் கோழியை மற்றப் பெட்டைகள் கொத்துவது குறையும். முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தால் சேவலைச் சில நாள் பிரியுங்கள். எட்டிலிருந்து பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

புதிதாக வந்ததே சேவல் என்றால், ஏற்கெனவே சேவல் இருக்கும் இடத்தில் விடாதீர்கள். அசீல் என்ற சண்டைக்கோழி இனத்தின் ரத்தம் கலந்த சேவல்கள் ஒன்று சாகும்வரை நிறுத்தாது.

"சேர்த்த ஒரு வாரத்தில் பழைய கோழிகள் தூங்கி வழிகின்றன"

இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. ஒரு தை மாதம், சந்தையில் நல்ல சுறுசுறுப்பான பெட்டை என்று ஒன்றை வாங்கி வந்து அன்றைக்கே விட்டுவிட்டேன். அது நன்றாகத்தான் இருந்தது. ஆறாம் நாள் காலையில் எங்கள் மூத்த கோழி தீனிக்கு வரவில்லை, இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றது. பின்பக்க இறகில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல் ஒட்டியிருந்தது. மறுநாள் இன்னும் மூன்று. ஒன்றுக்குக் கழுத்து பின்பக்கமாக முறுக்கிக்கொண்டது. பத்து நாளில் பதினொன்றில் இரண்டுதான் மிஞ்சின.

அது வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் என்று சொல்வது. கிருமி உள்ளே போய் இரண்டு நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் நோய் தெரியும், பெரும்பாலும் ஐந்தாறு நாளில். வந்தபின் குணமாக்கும் மருந்து இல்லை, முன்கூட்டியே போடும் தடுப்பூசிதான் வழி. கால்நடைப் பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் புறக்கடைக் கோழிகளுக்கு இலவசமாக இதற்கு முகாம் நடத்தும். மற்ற மாதங்களில் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கோழிகளுக்கும் புதியதற்கும், சேர்ப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். போட்டவுடன் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. ஏற்கெனவே வாடி நிற்கும் கோழிக்கும் போடக்கூடாது.

அதனால்தான் புதுக்கோழியை முப்பது நாள் தனியாக வைக்கச் சொல்வது. பழையவை போகாத இடம், வீட்டுக்கு மறுபுறமாக இருந்தால் நல்லது. தனித் தட்டு, தனிச் சட்டி. முதலில் பழைய கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டுக் கடைசியில் புதியதிடம் போங்கள், வந்ததும் கைகால் கழுவுங்கள். செருப்பும் கிருமியைச் சுமக்கும். அந்த முப்பது நாளில் எச்சத்தைப் பாருங்கள், மூக்கில் சளி வடிகிறதா, மூச்சில் கொரகொரப்பு இருக்கிறதா என்று இரவில் காது கொடுத்துக் கேளுங்கள். சளி பிடித்துத் தேறின கோழி வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மற்றவற்றுக்குக் கொடுக்கும். ஆசனவாயைச் சுற்றி இறகை விலக்கினால் பேன் ஓடும், இறகின் அடியில் ஈறு வெள்ளையாகக் கொத்தாக ஒட்டியிருக்கும். வேப்பிலைப் பொடி கலந்த சாம்பலில் புரளவிடுங்கள். குடற்புழு மருந்தும் அப்போதே கொடுத்துவிடலாம்.

இப்போது நோய் வந்தேவிட்டது என்றால், வாடின கோழிகளை உடனே ஒதுக்குங்கள். புதிதாக எதையும் வாங்காதீர்கள், இருப்பதை விற்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒரே நேரத்தில் பல கோழிகள் செத்தால் பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். வெறுங்கையால் தொடாமல், சமைக்காமல், கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். அவர் சொல்கிறபடி, செத்ததை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். குப்பையில், வாய்க்காலில் எறிந்தால் ஊரில் உள்ள கோழிக்கெல்லாம் போகும்.

"கொண்டையில் கொப்புளம், பொருக்கு"

கொத்துக்காயம் என்று நினைத்துவிடாதீர்கள். காயம் கீறலாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். அம்மை என்றால் மரு மாதிரி பல இடத்தில், கொண்டை, தாடை, கண் ஓரம் என்று கிளம்பும். கொசு பரப்பும், கொத்துக்காயம் வழியாகவும் ஏறும். அதனால்தான் புதுக்கோழி சேர்த்த பிறகு அம்மை வருவதாகப் பலருக்குத் தோன்றுகிறது. ஒதுக்கிவைத்து, கண் மூடிக்கொண்ட கோழிக்குக் கையால் தீனியும் தண்ணீரும் ஊட்டினால் மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் தேறிவிடும். வாய்க்குள்ளும் புண் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"முட்டை நின்றுவிட்டது"

இடம் மாறின கோழி இரண்டிலிருந்து நாலு வாரம் முட்டையிடாமல் இருப்பது சாதாரணம். பழைய கோழிகளுக்கும் சில நாள் குறையும். முட்டை குறைந்ததோடு ஓடு மெலிந்து, கோழியும் வாடியிருந்தால் மட்டும் நோய்ப் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

சில சமயம் அது முட்டையிட்டுக்கொண்டுதான் இருக்கும், உங்களுக்குத் தெரியாது. முட்டையிடும் கூடையருகே பழையவை விரட்டுவதால் வைக்கோல்போரிலோ வேலியடியிலோ இடும். மதியத்துக்கு முன் சற்றுநேரம் காணாமல் போய், கொக்கரித்துக்கொண்டு திரும்பினால் பின்னாலேயே போய்ப் பாருங்கள். இருட்டான மூலையில் இன்னொரு கூடையில் வைக்கோல் பரப்பி, அதன் முட்டை ஒன்றை அதில் விட்டு வையுங்கள். அந்த முட்டையை மட்டும் எடுக்காதீர்கள், பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தால் மாறிப்போகாது.